தபாலில் மட்டும் கூடிய சங்கம்: லைப்ஸிக், ஹாலே நாட்குறிப்பு

நவம்பர் 7, வியாழன். லைப்ஸிக்

இங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரம் காற்றில் தங்கியே இருக்கிறது. குடையை விரித்தால் வீண், மடக்கினால் கண்ணாடி நனைகிறது. நான்கு டிகிரி. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டர் இந்தக் குளிருக்கு முன்னால் வெறும் அலங்காரம்தான்.

வேலை விஷயமாக ஃப்ராங்க்ஃபர்ட் வந்தவன், கொஞ்சம் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாக். அதிலும் அவருடைய கடைசி ஆண்டுகள். பி மைனர் மாஸ் என்ற பெரிய லத்தீன் வழிபாட்டு இசையை அவர் 1748, 49 வாக்கில் எழுதி முடித்தார். அதற்குச் சற்று முன்னால், 1747 ஜூனில், ஒரு விசித்திரமான சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். மாஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சங்கம் எங்கே கூடியது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

சங்கத்தை 1738இல் தொடங்கியவர் லோரன்ஸ் மிட்ஸ்லர். அப்போது அவருக்கு 26, 27 வயதுதான் இருக்கும். இங்கே பல்கலைக்கழகத்தில் படித்தவர், பாக்கிடமும் பாடம் கேட்டவர். இசையும் கணிதம்போல ஓர் அறிவுத்துறை, அதைக் காதால் மட்டும் அல்ல, விகிதங்களாலும் விளக்க முடியும் என்று நம்பியவர். இருபது பேருக்கு மேல் உறுப்பினர்கள் கூடாது என்று விதி வைத்தார். பாக் பதினான்காவது ஆள்.

விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். மேலே வந்து, ஹீட்டரைத் தொட்டுப் பார்த்து, "செய்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார். வெதுவெதுப்பாக இருந்தது உண்மைதான். சாப்பாடு ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு டோனர், 7 யூரோ 50. கேட்காமலே மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டார் கடைக்காரர். முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டார்.

நவம்பர் 8, வெள்ளி. லைப்ஸிக்

தாமஸ் தேவாலயத்துக்கு நேர் எதிரில் இருக்கிறது பாக் அருங்காட்சியகம். போஸே என்ற வணிகர் குடும்பத்தின் வீடு அது. பாக் குடும்பத்துக்கு நெருங்கியவர்கள். பாக் வாழ்ந்த பள்ளிக் கட்டடத்தை 1902இல் இடித்துவிட்டார்கள் என்பதால், ஊரில் அவர் காற்றைச் சுவாசிக்க இதுதான் கிட்டிய இடம்.

உள்ளே நான் அதிக நேரம் நின்றது 1748ஆம் ஆண்டின் ஓவியத்துக்கு முன்னால். எலியாஸ் கோட்லோப் ஹவுஸ்மன் வரைந்தது. பொடி போட்ட விக், கனத்த தாடை, கையில் ஒரு சின்னத் தாள். பாக்கின் முகம் என்று உலகம் முழுக்க அச்சாவது இதுவும் இதற்கு முந்தைய 1746ஆம் ஆண்டுப் படமும்தான். இந்த இரண்டாவது படம் ப்ரெஸ்லாவ் ஊரின் ஒரு யூதக் குடும்பத்திடம் இருந்தது. 1930களில் அவர்கள் இங்கிலாந்துக்குத் தப்பியபோது படமும் போனது. போர்க்காலத்தில் அதைப் பாதுகாத்தது டார்செட்டில் ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டில் வளர்ந்த பையன்தான் பின்னாளில் பாக் இசை நடத்துநராகப் பெயர் பெற்ற ஜான் எலியட் கார்டினர். 1952இல் வில்லியம் ஷைட் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் உயில்படி 2015இல் லைப்ஸிக் வந்து சேர்ந்தது.

காவலில் இருந்த பெரியவரிடம் மிட்ஸ்லரின் சங்கம் எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெருவா? அது தபாலில் நடந்தது." கட்டுரைகளையும் இசைத்தாள்களையும் ஒரு பொதியாகக் கட்டி ஒருவர் அனுப்புவார், படித்துக் கருத்து எழுதி அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு அனுப்புவார். இசையமைப்பாளர் தெலெமான் ஹாம்பர்கில், மெய்ன்ராட் ஸ்பீஸ் என்ற துறவி பவேரியாவில் ஒரு மடத்தில், மிட்ஸ்லரே 1743 முதல் போலந்தில் ஒரு பிரபுவின் வீட்டில். பாக் சேர்ந்தபோது சங்கத்தின் செயலாளரான மிட்ஸ்லர் இந்த ஊரிலேயே இல்லை. நான் தேடி வந்த கட்டடம் எப்போதுமே இருந்ததில்லை.

இதைக் கேட்டு ஏமாற்றம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. குழுமத்தில் நூறு கோப்புகளை அனுப்பிவிட்டு யாரும் திறந்து பார்ப்பதில்லை என்று புலம்பும் நண்பர்கள் எனக்கும் உண்டு.

சங்கத்தின் விதிகள் இன்னும் வேடிக்கை. சேருகிறவர் துணியில் வரைந்த தன் உருவப்படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு படைப்போ கட்டுரையோ தர வேண்டும், 65 வயதானால் விலக்கு. இரண்டு குரல்கள் ஐந்து சுர இடைவெளியிலேயே அடுத்தடுத்து நகர்ந்தால் (ஐந்தாம் இடைவெளி என்பார்கள்) ஏன் காதுக்கு உறுத்துகிறது என்பது போன்ற கேள்விகளைப் பல பக்கங்களுக்கு விவாதித்தார்கள். பாக் கட்டுரை எழுதுகிற ஆள் இல்லை. நுழைவுக்குக் கொடுத்தது 'வானுலகிலிருந்து வருகிறேன்' என்ற கிறிஸ்துமஸ் பாடலின் மேல் கட்டிய கேனன் மாற்றங்களையும் (கேனன் என்றால் ஒரு குரலின் மெட்டையே இன்னொரு குரல் சற்றுத் தள்ளிப் பின்தொடர்வது), ஆறு குரலுக்கான ஒரு புதிர் கேனனையும். பிற்காலத்தில் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் ஒரு கடிதத்தில், உண்மையான இசைக்காரர்கள் எல்லோரையும்போல அப்பாவுக்கும் வறட்டுக் கணித விஷயங்களில் பிரியம் கிடையாது என்று எழுதினார். பிறகு ஏன் சேர்ந்தார்? தெலெமானும், லண்டனில் புகழ்பெற்றிருந்த இசையமைப்பாளர் ஹாண்டலும் உள்ளே இருக்கிற பட்டியலில் தானும் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். எனக்கு அது போதுமான காரணமாகவே படுகிறது.

அருங்காட்சியகக் கடையில் பி மைனர் மாஸ் கையெழுத்துப் பிரதியின் நிழற்பதிப்பு ஒன்று புரட்டிப் பார்க்க இருந்தது. மூலம் பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். இரும்பு கலந்த மை தாளையே தின்றுகொண்டிருக்கிறது, சில பக்கங்களில் பின்பக்க எழுத்து முன்னால் வந்து நிற்கிறது. முதல் பகுதிகள் 1733இல் டிரெஸ்டன் அரசவைப் பட்டம் வேண்டிக் கொடுத்தவை. கை உறுதியாக ஓடுகிறது. கடைசிப் பகுதிகளுக்கு வந்தால் அதே கை தடித்து, நடுங்கி, சுரங்களின் தலைகள் கோணிக்கொண்டு போகின்றன.

நான் பார்த்தே ஆக வேண்டியிருந்த பக்கம் ஒன்று உண்டு. கடவுள் மனிதனானார் என்று சொல்லும் வரி, முதலில் அதற்கு முன்னால் வரும் இருவர் பாடலுக்குள்ளேயே அடங்கியிருந்தது. பாக் அதை உருவி எடுத்து, தனிக் கோரஸாக்கி, ஒரு தனித் தாளில் எழுதி நடுவில் செருகினார். வயலின்கள் இறங்கிக்கொண்டே இருக்க, ஐந்து குரல்கள் மெதுவாக நுழைகின்றன. அவர் குரலுக்கு எழுதிய கடைசிப் பாட்டு இதுவாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். அடுத்து வரும் சிலுவைப்பாடு 1714இல் எழுதிய பழைய கண்டாட்டா (பல பகுதிகள் கொண்ட பாடல் தொகுப்பு) ஒன்றிலிருந்து எடுத்தது. இறங்கும் அதே பாஸ் வரி, அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரி, பதின்மூன்று முறை திரும்பி வரும். ஆக, 29 வயதில் எழுதியதற்குப் பக்கத்தில் அறுபதைத் தாண்டி எழுதியது. ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரியவே தெரியாது.

இதை யாருக்காக எழுதினார் என்று உறுதியாகத் தெரியவில்லை. முழுதாக அவர் உயிரோடு இருக்கும்போது பாடப்பட்டதாகத் தடயம் இல்லை. இத்தனை நீளமான லத்தீன் மாஸுக்கு லூதரன் தேவாலயத்தில் இடமும் இல்லை. நிழற்பதிப்பின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையோடு மூடி வைத்தேன்.

மாலை ஆறு மணிக்குத் தாமஸ் தேவாலயத்தில் மோட்டெட் வழிபாடு, அதாவது குழுப் பாடல்களோடு நடக்கும் வழிபாடு. சில யூரோ கொடுத்து நிகழ்ச்சித்தாள் வாங்கினால் அதுவே நுழைவுச்சீட்டு. 1212இலிருந்து தொடரும் தோமானர் சிறுவர் குழு மேலே மாடத்தில் நிற்கிறது; கீழே இருப்பவர்களுக்கு யாரும் தெரியாது, குரல் மட்டும் இறங்கி வரும். முடிந்ததும் என் கை தானாக எழும்பியது. பக்கத்து இருக்கைப் பாட்டி அதன் மேல் தன் கையை வைத்து அமுக்கிவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். இங்கே கைதட்டுவதில்லை. அப்புறம் எனக்கு இருமல் வந்தபோது கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டியவரும் அவரேதான்.

நவம்பர் 9, சனி. ஹாலே

புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹாலே. ஹாண்டல் 1685 பிப்ரவரியில் பிறந்த ஊர். அடுத்த மாதம் பாக் பிறந்தார். 1719இல் ஹாண்டலைப் பார்க்க பாக் இங்கே வந்தபோது அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். இருவரும் வாழ்நாளில் சந்திக்கவேயில்லை. மிட்ஸ்லரின் பட்டியலில் மட்டும் பெயர்கள் பக்கத்தில் வருகின்றன. ஹாண்டல் 1745இல் கௌரவ உறுப்பினர்.

ஹாண்டல் வீடு நன்றாக இருக்கிறது, ஆனால் பொத்தான்களும் திரைகளும் அதிகம். நான் தேடிப் போனது அவருடைய கடைசி ஆரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடப்படும் கதை) 'ஜெஃப்தா'வின் கதையை. 1751 பிப்ரவரி 13 அன்று, 'ஆண்டவரே, உமது தீர்ப்புகள் எவ்வளவு இருண்டவை' என்ற கோரஸின் நடுவில், இடது கண் பார்வை தளர்ந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று என்று ஜெர்மன் மொழியில் குறித்து வைத்தார். லண்டனில் அத்தனை ஆண்டுகள் இருந்தும், பயம் வந்தபோது கை எழுதியது ஊர் மொழியில். அடுத்து வருவதுதான் கசப்பு. ஜான் டெய்லர் என்ற ஊர் ஊராகச் சுற்றும் கண் வைத்தியர் 1750 வசந்தத்தில் லைப்ஸிக்கில் பாக்கின் கண்ணில் இரண்டு முறை கத்தி வைத்தார். பாக் ஜூலை 28 அன்று இறந்தார். அதே டெய்லர் 1758இல் ஹாண்டலுக்கும் வைத்தியம் பார்த்தார். பலன் இல்லை.

பிற்பகல், ஃப்ராங்கெ என்ற பாதிரியார் தொடங்கிய பள்ளியும் அனாதை இல்லமுமான ஃப்ராங்கெ நிறுவனத்துக்கு நடந்தேன். இதற்கும் பாக்குக்கும் சம்பந்தமில்லை, ஒரு தமிழன் ஹாலே வந்து இதைப் பார்க்காமல் போக முடியாது என்பதுதான் காரணம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே படித்தவர். தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் தமிழ் அச்செழுத்துகளை இந்த ஊரில் வார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பரணிலிருக்கும் விந்தைப் பொருள் அறையில், அடைத்த முதலைக்குக் கீழே அலமாரிகளில் நம் ஊர்ச் சாமான்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார்கள். மிட்ஸ்லரின் பொதி ஹாம்பர்குக்குப் போய்ச் சேர்வதற்கே வாரக்கணக்கு என்றால், இது மாதக்கணக்கு. ஆனால் இந்தத் தபால் படிக்கப்பட்டது.

அங்கே இருந்த பெண் ஊழியர் நான் எந்த ஊர் என்று கேட்டார். "தமிழ்நாடு" என்றதும் "தரங்கம்பாடியா?" என்றார். சென்னையைச் சொல்லி யாருக்கும் புரிய வைக்கத் தேவையில்லாத ஒரே ஜெர்மன் ஊர் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அவருக்குச் சென்னை எங்கே என்று தெரியவில்லை, தரங்கம்பாடி மட்டும்தான் தெரிந்தது.

ஹாலோரன் உருண்டை சாக்லேட் ஒரு பெட்டி வாங்கினேன், மூன்று யூரோவுக்குக் கொஞ்சம் மேல். ஊருக்குக் கொண்டுபோக வாங்கியது. திரும்பும் ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்ததும் தாமதம், பலகையில் நிமிடங்கள் கூடிக்கொண்டே போயின. நடைமேடையில் ஒருவரும் சத்தம் போடவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதில் பெட்டி பாதி காலி. பக்கத்தில் நின்ற மாணவனுக்கு இரண்டு கொடுத்தேன், அவன் பதிலுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தான்.

லைப்ஸிக்கில் இறங்கி நடக்கும்போது சில வீட்டு வாசல்களில், நடைபாதையில் பதித்த சின்னப் பித்தளைக் கற்களைச் சுற்றி மெழுகுவத்தி எரிந்தது. நவம்பர் 9. 1938இல் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் தாக்கிக் கொளுத்திய இரவு. அந்த வீடுகளில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்கள் கற்களில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் துடைத்து மினுக்கி விளக்கு வைக்கிறார்கள். ஒரு தாத்தா முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் இரண்டு ஆண்டு முன்பு, 1936 நவம்பரில், யூத வம்சத்தில் பிறந்த இசையமைப்பாளர் மெண்டெல்சோனின் சிலையை இதே ஊரில் அகற்றினார்கள். பாக்குக்கு முதல் நினைவுச்சின்னத்தைத் தன் கச்சேரிப் பணத்தில் நிறுத்தியவர் அவர். தேவாலயத்தின் பக்கத்தில் இப்போது அவர் நிற்கிறார், 2008இல் வைத்த நகல்.

நவம்பர் 10, ஞாயிறு. லைப்ஸிக்

கடைகள் எல்லாம் அடைப்பு. ரயில் நிலையத்துக்குள் மட்டும் வியாபாரம், கழிப்பறை ஒரு யூரோ.

காலையில் பழைய நகர மன்றம். 1723 மே மாதம் பாக் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கட்டடம். மேலே 1746ஆம் ஆண்டு ஓவியம், ஹவுஸ்மனின் முதல் படம். அருங்காட்சியகத்தில் பார்த்ததைவிட இது அடிபட்டது, பலமுறை பழுது பார்த்தது. கையிலிருக்கும் தாள் அந்தப் புதிர் கேனன். மூன்று வரிகள்தான் எழுதியிருக்கிறது. மீதி மூன்று குரல்களைப் பார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டும்: ஒவ்வொரு வரியையும் தலைகீழாக்கி, ஒரு தாள அளவு தள்ளித் தொடங்கினால் ஆறும் பொருந்திவிடும். கீழ் வரியில் இருப்பது பாக்கின் விசைப்பலகைப் படைப்பான கோல்ட்பெர்க் மாற்றங்களின் பாஸ், முதல் எட்டுச் சுரங்கள்.

சங்கத்தில் சேர உருவப்படம் வேண்டும் என்ற விதிக்காகத்தான் இதை வரையச் சொன்னார் என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் அந்த வறட்டுச் சங்கத்தை நான் இனி கேலி செய்ய முடியாது. எழுத்தர் புத்தியில் போட்ட ஒரு விதியால்தான் நமக்கு அவர் முகம் தெரிகிறது. அவர் இறந்த பிறகு மகன் கார்ல் பிலிப் இமானுவேலும் மாணவர் அக்ரிகோலாவும் எழுதிய நீண்ட இரங்கல் குறிப்பு 1754இல் வெளிவந்ததும் மிட்ஸ்லரின் இதழில்தான். இன்று பாக்கின் வாழ்க்கையை எழுதுகிற யாரும் அதில்தான் தொடங்க வேண்டும். ஐந்தாம் இடைவெளி விவாதங்கள் யாருக்கும் நினைவில்லை.

ஊர் நிர்வாகம் இதைவிட மோசம். 1749 ஜூனில், பாக் உயிரோடு வேலையில் இருக்கும்போதே, 'மூன்று அன்னங்கள்' என்ற விடுதி மண்டபத்தில் ஹாரர் என்பவரை அழைத்து, பாக் இறந்தால் அந்த இடத்துக்கு என்று சோதனைப் பாட்டு நடத்திவிட்டார்கள். சிபாரிசு சாக்சனி அமைச்சர் ப்ரூலிடமிருந்து. பாக்குக்கு 64 வயது. அதே ஆகஸ்டில் மன்றப் பதவியேற்பு விழாவுக்கு 1731இல் எழுதிய பழைய கண்டாட்டா ஒன்றை எடுத்துப் பாடவைத்தார். அதன் நன்றிக் கோரஸை 1733லேயே மாஸின் முதல் பகுதிக்குள் எடுத்திருந்தார். அதே இசையை இப்போது 'அமைதி தாரும்' என்ற சொற்களோடு மாஸின் கடைசிப் பாட்டாகவும் வைத்தார். பாக்கின் இடத்துக்கு அடுத்த ஆளை ஏற்கனவே தேர்ந்தெடுத்துவிட்ட கனவான்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு ஞாயமான விழாப் பாட்டு, அவ்வளவுதான்.

பிற்பகல் ஒரு 'லைப்ஸிக் வானம்பாடி' சாப்பிட்டேன், 3 யூரோ 20. பாக் காலத்தில் நிஜமாகவே வானம்பாடிகளைப் பிடித்துச் சுட்டுத் தின்றார்கள். 1876இல் அந்த வேட்டையைத் தடை செய்ததும் ரொட்டிக்கடைக்காரர்கள் மார்ஸிபன் வைத்த பணியாரம் செய்து அதே பெயரை வைத்துவிட்டார்கள். தித்திப்பு பல்லைக் கூசவைக்கிறது. சைவத்துக்கு மாறியதில் நட்டமில்லை.

இரவு கோஸ பீர் குடிக்கப் போனேன். உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்கவைத்தது; வெயிலில் வைத்த நீர்மோரில் யாரோ சாராயத்தைக் கலந்ததுபோல இருந்தது, ஆனால் இரண்டாவது மடக்கில் பிடித்துவிட்டது. இடம் இல்லாததால் ஒரு வயதான தம்பதியின் மேசையில் உட்காரவைத்தார்கள். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர், ஒரு பொழுதுபோக்குப் பாடகர் குழுவில் பாஸ் குரல். மிட்ஸ்லர் என்றால் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பி மைனர் மாஸ் என்றதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எல்லோரும் அதை வானத்தைப் பார்த்தபடி பேசுவார்கள். எங்களைக் கேளுங்கள். இரண்டு மணி நேரம் நின்று கால் மரத்துப்போன பிறகு கடைசிப் பாட்டு வருகிறது. அதை முதலில் தொடங்க வேண்டியது யார்? பாஸ். தாழ்ந்த சுரம், மெதுவாக, தனியாக. டெனார்காரர்கள் அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள்."

அவர் மனைவி டெனார் வரிசைக்குப் பின்னால் ஆல்ட்டோவில் நிற்பவராம். பீர் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போன தடவை நீங்கள் அரைத்தாளம் தாமதமாகத் தொடங்கினீர்கள். ஆல்ட்டோ முழுக்கக் கேட்டது."